கார்ட்டூன் வந்தது செப்டம்பரில், தூதரகம் எரிந்தது பிப்ரவரியில்

2005 அக்டோபர் 17, ரமலான் மாதம். கெய்ரோவில் வெளிவரும் ‘அல் ஃபகர்’ பத்திரிகை, டென்மார்க்கில் இரண்டரை வாரம் முன்பு, செப்டம்பர் 30இல், வெளியான நபிகள் நாயகம் பற்றிய கார்ட்டூன்களில் சிலவற்றை எடுத்து அச்சிட்டது. கண்டித்துத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் படங்களை மறைக்கவில்லை. பத்திரிகை எகிப்தின் கடைகளில் வழக்கம்போல விற்றது. யாரும் கல்லெறியவில்லை, கொடியை எரிக்கவில்லை, ஆசிரியரைத் தேடிப் போலீஸ் வரவில்லை. அதே படங்களுக்காக 2006 பிப்ரவரி 4ஆம் தேதி டமாஸ்கஸில் டென்மார்க் தூதரகம் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் சிலி நாட்டுத் தூதரகமும் இருந்தது, சிலிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டு வசனங்கள்தான் காதில் விழும். ‘முஸ்லிம்களுக்கு விமர்சனத்தைத் தாங்கத் தெரியாது’ என்பது ஒன்று, ‘மேற்குலகம் கருத்துச் சுதந்திரம் என்ற பெயரில் இஸ்லாத்தைத்தான் குறிவைக்கிறது’ என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் செப்டம்பர் 30க்கும் பிப்ரவரி 4க்கும் நடுவில் ஏன் நான்கு மாதம் ஆனது என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை. மனம் புண்பட்டதுதான் காரணம் என்றால் தீ அக்டோபரிலேயே பிடித்திருக்க வேண்டும். நடுவில் இருந்த அந்த மாதங்களில் யார் யார் கையில் இந்தப் படங்கள் போய் வந்தன, அவரவருக்கு அதில் என்ன ஆதாயம் இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் ஆரம்பம். கோரெ ப்ளூட்கன் என்ற டேனிஷ் எழுத்தாளர் நபிகளின் வாழ்க்கையைப் பற்றிக் குழந்தைகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார், அதற்குப் படம் போட ஓவியர்கள் பயப்படுகிறார்கள் என்று சொன்னார். ‘யூலண்ட்ஸ் போஸ்டன்’ நாளிதழின் கலாச்சாரப் பகுதி ஆசிரியர் ஃப்ளெமிங் ரோஸ் இதைப் பிடித்துக்கொண்டார். இஸ்லாம் பற்றிப் பேச அஞ்சி நாமே நம் வாயை அடைத்துக்கொள்கிறோமா என்று சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி, ஓவியர் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 40 பேருக்கு, முஹம்மது நபியை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்களோ அப்படி வரைந்து அனுப்புங்கள் என்று எழுதினார். வந்தவை 12 படங்கள்.

அந்த 12 படங்களும் ஒரே மாதிரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது, காரணம் படங்களைப் பார்க்காமலேயே இரு தரப்பிலும் பெரும்பாலானோர் கோபப்பட்டார்கள். சில படங்கள் கேலியே இல்லாத சாதாரணச் சித்திரங்கள். ஒன்றில் முஹம்மது என்ற பள்ளிக்கூடப் பையன் கரும்பலகையில் பாரசீக மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறான், எழுதியிருப்பது ‘யூலண்ட்ஸ் போஸ்டன் பத்திரிகைக்காரர்கள் பிற்போக்குத்தனமான வம்பர்கள்’ என்று. இன்னொன்று ப்ளூட்கனையே விளம்பரப் பிரியர் என்று கிண்டலடித்தது. உலகம் நினைவில் வைத்திருப்பதோ கர்ட் வெஸ்டர்கார்ட் வரைந்த ஒரே படத்தைத்தான்: தலைப்பாகைக்குப் பதில் வெடிகுண்டு, அதன் மேல் கலிமா, அதாவது இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழி.

அந்தப் படம் ஏன் சுட்டது என்று சொல்ல வேண்டும். நபியை வரையவே கூடாது என்ற தடைதான் பிரச்சினை என்று மேற்கில் சிலர் விளக்கினார்கள், அது பாதி விளக்கம்தான். 14ஆம் நூற்றாண்டுப் பாரசீகச் சுவடிகளில் நபியின் உருவம் வரையப்பட்டிருக்கிறது, பின்னால் உஸ்மானிய ஓவியர்களும் பெரும்பாலும் முகத்தைத் திரையிட்டு வரைந்திருக்கிறார்கள். சுன்னி மரபில் சிலை வணக்கம் வந்துவிடுமோ என்ற அச்சத்தால் உருவம் வரைவது தவிர்க்கப்பட்டது. ஆனால் கலிமா பொறித்த குண்டு சொல்வது வேறு. உன் மதத்தின் அடிப்படை வாக்கியமே குண்டு, அதைத் தினமும் ஓதும் நீயும் அந்தக் குண்டின் ஒரு துண்டு என்றுதான் கோபன்ஹேகனில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதைப் படிப்பார். வெஸ்டர்கார்ட் பயங்கரவாதிகளைத்தான் சொன்னேன் என்றார். அப்படியும் படிக்கலாம். இரண்டு விதமாகவும் படிக்க இடமிருக்கிற படத்தைப் போட்டுவிட்டு, நான் நினைத்த விதமாக மட்டும் படி என்று வாசகரிடம் கேட்க முடியாது.

சரி, இனி அந்த மாதங்கள். அக்டோபர் 12ஆம் தேதி முஸ்லிம் நாடுகளின் 11 தூதர்கள் சேர்ந்து டென்மார்க் பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முசெனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள், நேரில் சந்திக்க வேண்டும் என்றார்கள். இந்த விவகாரத்திலேயே முக்கியமான காகிதம் அதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதில் புகார் ஒன்று இல்லை, நான்கு இருந்தன. முஸ்லிம்களை ஒழிக்க வேண்டும் என்று பேசி உரிமத்தை இழந்த ஒரு உள்ளூர் வானொலி. முஸ்லிம்களைப் புற்றுநோயோடு ஒப்பிட்ட எழுத்து இடம்பெற்ற, குடியேற்றத்தை எதிர்க்கும் டேனிஷ் மக்கள் கட்சியின் எம்.பி. ஒருவரின் இணையதளம், கலாச்சார அமைச்சரின் ஒரு பேச்சு, நான்காவதாக இந்தக் கார்ட்டூன்கள். டேனிஷ் மக்கள் கட்சி வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில்தான் 2001 முதல் அந்த அரசு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூதர்கள் செய்த தவறு, பொறுப்பானவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுங்கள் என்று பிரதமரையே கேட்டது. பத்திரிகைக்காரனை அரசாங்கம் கூப்பிட்டுக் கண்டிக்கிற நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கும்.

பிரதமர் சந்திக்க மறுத்தார். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரமில்லை, புண்பட்டவர்கள் நீதிமன்றம் போகலாம் என்று பதில் எழுதினார். கார்ட்டூனைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரியானதே. ஆனால் பாருங்கள், அந்த ஒரே பதிலில் மீதி மூன்று புகார்களும் காணாமல் போய்விட்டன. தன் அரசைத் தாங்கி நிற்கும் கட்சியின் எம்.பி. தளத்தில் அப்படி ஒரு எழுத்து எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய சங்கடம் தீர்ந்தது. இனிமேல் விவாதம் கருத்துச் சுதந்திரம் பற்றி மட்டும், அதில் ராஸ்முசென் தோற்க வழியில்லை. விமர்சனத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று முஸ்லிம்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அரசு, தன் மீது வந்த விமர்சனத்தைச் சந்திக்காமல் இவ்வளவு சுலபமாகத் தப்பித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இதைச் சொன்னது தூதர்கள் மட்டுமில்லை. டிசம்பரில் டென்மார்க்கின் முன்னாள் தூதர்கள் 22 பேர் பிரதமர் சந்திக்க மறுத்தது தவறு என்று பகிரங்கமாக எழுதினார்கள். பிரதமரின் சொந்தக் கட்சிக்காரரான முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஊஃபே எல்லமன் யென்சனும் குறை சொன்னார். பிரதமர் அசையவில்லை.

இந்தப் பக்கம், கோபன்ஹேகனில் சில ஆயிரம் பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள், முஸ்லிம் அமைப்புகள் போலீஸில் புகார் கொடுத்தன, எதுவும் நகரவில்லை. அப்போது டென்மார்க் இமாம்கள் சிலர், அபு லபான், அகமது அக்காரி போன்றவர்கள், கார்ட்டூன்கள் அடங்கிய ஒரு தொகுப்பைத் தயாரித்தார்கள், அதோடு இமாம்களின் குழுக்கள் டிசம்பரில் எகிப்துக்கும் லெபனானுக்கும் போயின. அதில் பத்திரிகையில் வராத மூன்று படங்களும் இருந்தன. தங்களுக்கு வந்த வசைக் கடிதங்களோடு சேர்ந்து வந்தவை என்று இமாம்கள் சொன்னார்கள். அதில் ஒன்று பன்றி மூக்கு மாட்டிய ஒருவரின் மங்கலான புகைப்படம், அது நபியைக் கேலி செய்யும் படமாக ஊரெல்லாம் சுற்றியது. உண்மையில் அது பிரான்ஸில் ஒரு கிராமத்தில் பன்றி மாதிரிக் கத்தும் போட்டியில் கலந்துகொண்டவரின் படம். அந்தப் போட்டிக்கும் இஸ்லாத்துக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. பார்த்தவர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை, ஆனால் எதைப் பார்த்துக் கோபப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி.

எகிப்தில் அந்த இமாம்களுக்குக் கிடைத்த வரவேற்புக்கு எகிப்தின் காலண்டரைப் பார்க்க வேண்டும். அந்த நவம்பர், டிசம்பரில்தான் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிகளைப் போலீஸ் மறித்தும் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைச் சேர்ந்தவர்கள் 88 இடங்களைப் பிடித்தார்கள். அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் முபாரக்கை எதிர்த்து நின்ற அய்மன் நூர் டிசம்பர் கடைசியில் 5 ஆண்டு சிறைக்குப் போனார். ஜனநாயகம் எங்கே என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் முபாரக்கை நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட ஒரு ஆட்சிக்கு, மேற்கைப் பார்த்து ‘உங்கள் ஜனநாயகத்தின் லட்சணம் இதுதானா’ என்று கேட்கவும், உள்ளூரில் சகோதரத்துவ அமைப்பைவிட நாங்களே இஸ்லாத்தின் காவலர்கள் என்று காட்டவும் ஒரே பொருள் கிடைத்தால் விடுவார்களா? அதே டிசம்பரில் மக்காவில் இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு மாநாடு கூடியது. அங்கே கார்ட்டூன் விஷயம் அதிகாரபூர்வமாகவே பேசப்பட்டது.

சிரியா கதை இன்னும் பச்சை. 2005 பிப்ரவரியில் லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்டதில் ஐ.நா. விசாரணை டமாஸ்கஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போது அனுமதி இல்லாமல் நான்கு பேர் கூடி நிற்க முடியாத ஊர் அது. அங்கே ஒரு கூட்டம் நடந்து போய் தூதரகத்துக்குத் தீ வைத்துவிட்டு வருகிறது என்றால், அந்தக் கோபத்துக்கு ஆட்சியாளர்கள் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை.

ஜனவரியில் நார்வேயின் ஒரு சிறு கிறிஸ்தவப் பத்திரிகை படங்களை மறுபடி போட்டது. மாதக் கடைசியில் சவூதி அரேபியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது, வளைகுடாக் கடைகளின் அலமாரிகளிலிருந்து டேனிஷ் வெண்ணெயும் சீஸும் இறங்கின. ஆர்லா என்ற பால் நிறுவனம், அதாவது கார்ட்டூன் வரையாத ஆயிரக்கணக்கான பண்ணைக்காரர்களின் கூட்டுறவு, பெரிய அடி வாங்கியது. யூலண்ட்ஸ் போஸ்டன் மனம் புண்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது, படம் போட்டதற்கு இல்லை. பிப்ரவரி 1ஆம் தேதி பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளின் பத்திரிகைகள் ஒற்றுமைக்கு அடையாளமாக அதே படங்களை அச்சிட்டன. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நைஜீரியாவின் மைடுகுரியில் தேவாலயங்கள் எரிந்தன, அதற்குப் பழிவாங்கி ஒனிட்ஷாவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். லிபியாவின் பெங்காசியில், கார்ட்டூன் பொறித்த டி சர்ட்டைத் தொலைக்காட்சியில் காட்டிய இத்தாலிய அமைச்சர் ஒருவரைக் கண்டித்து இத்தாலியத் துணைத் தூதரகம் முன்பு கூடியவர்களை லிபியப் போலீஸே சுட்டது. குறைந்தது 10 பேர் இறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2011 பிப்ரவரி 17ஆம் தேதி, அந்தச் சாவுகளின் நினைவு நாளைத்தான் லிபிய மக்கள் கடாஃபிக்கு எதிரான எழுச்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். டென்மார்க்கின் மீதான கோபமாக ஆரம்பித்தது சொந்த ஊர் சர்வாதிகாரியின் மீது வந்து நின்றது, உண்மையில் அங்கேதான் அது வெகுகாலமாக இருந்திருக்க வேண்டும்.

இனி மேற்குலகம் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி. இதே யூலண்ட்ஸ் போஸ்டன் 2003இல் இயேசுவின் உயிர்த்தெழுதலைக் கிண்டல் செய்யும் கார்ட்டூன்களை ஒரு ஓவியர் அனுப்பியபோது, வாசகர்கள் கொதித்துவிடுவார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. 2006 பிப்ரவரியில் ஈரானின் ‘ஹம்ஷஹ்ரி’ பத்திரிகை யூத இனப்படுகொலை பற்றிக் கார்ட்டூன் போட்டி அறிவித்தபோது, அந்தப் படங்களையும் நாங்கள் போடலாம் என்று ரோஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார், தலைமை ஆசிரியர் மறுநாளே அதெல்லாம் இல்லை என்றார், ரோஸ் விடுப்பில் அனுப்பப்பட்டார். அதே பிப்ரவரி 20ஆம் தேதி ஆஸ்திரிய நீதிமன்றம் யூதப் படுகொலையை மறுத்துப் பேசியதற்காகப் பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங்குக்கு மூன்று ஆண்டு சிறை கொடுத்தது. அந்தச் சட்டத்துக்கு ஆஸ்திரியாவின் சொந்த வரலாற்றில் வலுவான காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘எங்களிடம் எல்லையே இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எல்லை இருக்கிறது, அது அவரவர் வரலாற்றின் காயம் எங்கே இருக்கிறதோ அங்கே போடப்படுகிறது. இங்கிலாந்தில் 2008 வரை மதநிந்தனைக் குற்றம் இருந்தது, சல்மான் ருஷ்டியின் நாவல் பற்றிய விவகாரத்தில் முஸ்லிம்கள் அதை வைத்து வழக்குப் போட்டபோது அது கிறிஸ்தவத்தை மட்டும்தான் காக்கும் என்று நீதிமன்றம் சொல்லி அனுப்பியது. ஈரான் நடத்திய போட்டியைப் பாராட்டவும் முடியாது, டேனிஷ்காரர்கள் செய்த கேலிக்கு ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்களைக் கேலி செய்வது எந்த ஊர் நியாயம்?

இதையெல்லாம் சொன்னவுடன் ‘பார்த்தீர்களா, இரண்டு பக்கமும் ஒன்றுதான்’ என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். அப்படி இல்லை. சொந்த வீட்டுக்குள்ளிருந்து குறை சொன்னவருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். ஜோர்டானில் ‘ஷிஹான்’ வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ஜிஹாத் மோமனி மூன்று படங்களைப் போட்டு, உலக முஸ்லிம்களே நிதானமாக யோசியுங்கள், இந்தப் படங்கள் இஸ்லாத்துக்குக் கெடுதலா அல்லது கேமரா முன்னால் பிணைக்கைதியின் கழுத்தை அறுப்பவன் கெடுதலா என்று கேட்டார். அவருக்கு வேலை போனது, கைது ஆனார், மே மாதம் இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏமனில் ‘ஏமன் அப்சர்வர்’ ஆசிரியர் முஹம்மது அல் அசதி, படங்களைச் சிறியதாக்கி அவற்றின் மேல் கறுப்புப் பெருக்கல் குறி போட்டு, கண்டித்துத்தான் வெளியிட்டார், அவரும் சிறைக்குப் போய் வழக்கைச் சுமந்தார். டென்மார்க்கில் பிரதமரைக் கண்டித்த 22 முன்னாள் தூதர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். இந்த வித்தியாசத்தை மழுப்பினால் மோமனிக்கு துரோகம் செய்கிறோம். அரபு நாட்டுக் கோபத்தைப் பற்றிப் பேசும் மேற்கத்திய ஆட்கள் இவரைப் பெரிதாக நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை, ‘அவர்கள் எல்லோரும் இப்படித்தான்’ என்ற வாக்கியத்துக்கு இடைஞ்சலாக இருப்பார் இல்லையா.

மலேசியாவில் இந்தக் கதைக்கு ஒரு தமிழ் வாலும் உண்டு. கார்ட்டூனைப் போட்டதற்காக 2006இல் ‘சரவாக் டிரிபியூன்’ மூடப்பட்டது. மறு வருடம் ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’ என்ற தமிழ் நாளிதழின் முதல் பக்கத்தில் கையில் சிகரெட்டோடு இயேசு படம் ஒன்று வந்துவிட்டது, ஒரு நல்ல அறிவுரை வாசகத்தோடு. பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, கோலாலம்பூர் பேராயரும் ஏற்றுக்கொண்டார். புண்பட்டவர்கள் சரி என்று சொன்ன பிறகும் அரசு அந்தப் பத்திரிகையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது, நடவடிக்கை வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியினரும் இருந்தார்கள், அந்தக் கட்சித் தலைமையை மக்கள் ஓசை விமர்சித்து வந்தது ஊரறிந்த விஷயம். மதக் கோபத்தைச் சுமந்து வருபவர் கையில் வேறு ஒரு பழைய கணக்கும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, கிறிஸ்தவம், இஸ்லாம், இந்து எதுவானாலும்.

பின்னால் வந்தது சுருக்கமாக. வெஸ்டர்கார்டை 2010 புத்தாண்டு தினத்தன்று கோடரியோடு ஒருவன் வீட்டுக்குள் புகுந்து கொல்லப் பார்த்தான், அவர் பாதுகாப்பு அறைக்குள் ஓடித் தப்பினார், 2021இல் தன் 86ஆவது வயதில் இறந்தார். தொகுப்பைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போன அக்காரி 2013இல் அந்தப் பயணம் தவறு, படம் போட அந்தப் பத்திரிகைக்கு உரிமை இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார், வெஸ்டர்கார்டிடம் போய் மன்னிப்பும் கேட்டார். அவர் முந்தைய நண்பர்கள் பலர் அவரை விட்டு விலகினார்கள். 2015 ஜனவரியில் பாரிஸில் ‘ஷார்லி எப்தோ’ என்ற நையாண்டி வார இதழின் அலுவலகத்தைத் துப்பாக்கிக்காரர்கள் தாக்கி 12 பேரைக் கொன்றபோது, ஐரோப்பாவின் பல பத்திரிகைகள் அந்த இதழின் கார்ட்டூன்களைப் போட, யூலண்ட்ஸ் போஸ்டன் போட மாட்டோம் என்றது. பயமாக இருக்கிறது, வன்முறை பலிக்கிறது என்று தலையங்கத்திலேயே ஒப்புக்கொண்டது. சுயதணிக்கை இருக்கிறதா என்று சோதிக்கக் கிளம்பிய பத்திரிகை!

டென்மார்க்கின் சட்டப் புத்தகத்தில் மதநிந்தனைப் பிரிவு அந்தக் காலம் முழுவதும் இருந்தது, யூலண்ட்ஸ் போஸ்டன் மீதான புகாரை அரசு வழக்கறிஞர்கள் அதன் கீழ் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 2017 ஜூனில் அதை நீக்கினார்கள். ஆறு வருடம் கழித்து, சின்னச் சின்ன வலதுசாரிக் குழுக்கள் தூதரகங்களின் முன்னால் குர்ஆனை எரித்துக்கொண்டே இருக்க, ஸ்வீடனிலும் அப்படி எரித்ததற்காகப் பாக்தாதில் ஸ்வீடன் தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்து தீ வைக்க, 2023 டிசம்பர் 7ஆம் தேதி டேனிஷ் நாடாளுமன்றம் 94க்கு 77 என்ற வாக்கில் மத நூல்களைப் பொதுவெளியில் இழிவாகக் கையாள்வதைக் குற்றமாக்கியது, இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தக் கூட்டணி அரசில் ராஸ்முசெனின் பழைய கட்சியும் இருந்தது. நாட்டின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான உறவு, இவைதான் அரசு சொன்ன காரணங்கள். 2005இல் அமைதியாக ஊர்வலம் போய்ப் போலீஸில் புகார் கொடுத்த டென்மார்க் முஸ்லிம்களுக்குக் கிடைக்காதது, வெளிநாட்டில் தூதரகத்துக்குத் தீ வைத்தவர்களுக்குக் கிடைத்தது.